நல்ல படகில் துளை எதற்கு?

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றைக் கடப்பவனுக்குக் கூறப்பட்ட இவ்வறிவுரை, கடலில் செல்பவனுக்கு இன்னும் பன்மடங்கு பொருந்தும். ஆற்றில் இறங்குபவன் கையிலுள்ள கோலை ஊன்றிப் பார்த்துக் கொள்ளலாம். கடலில் செல்லும் படகோட்டி எந்தக் கோலை ஊன்றுவான்? நீரின் மேற்பரப்பு எங்கும் ஒன்றுபோலவே தோன்றுகின்றது. அதன் கீழே பாறை இருக்கின்றதா, மணல்மேடு இருக்கின்றதா, அன்றிப் பெரும்பள்ளந்தான் இருக்கின்றதா என்பதைக் கண் அறியாது.

ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் நாம் பங்கோர்த் தீவுக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தபோது, அங்குள்ள படகுப் பட்டறை ஒன்றைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்த ஒரு மீன்பிடிப் படகின் அடியில் முதிய சீனத் தச்சர் ஒருவர் குனிந்து அமர்ந்திருந்தார். அளவுகோலால் பலமுறை அளந்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பின்னர்த் துளையிடும் கருவியைக் கையில் எடுத்தார். நம் மாணவன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா! ஓட்டை விழுந்த படகு மூழ்கும் என்று தாங்கள்தாமே பாடத்தில் சொன்னீர்கள்? இவர் நல்ல படகில் ஓட்டை போடுகிறாரே!" என்றான்.

அவன் கேட்டதை நாம் மலாய் மொழியில் தச்சரிடம் கூறினோம். அவர் சிரித்துக்கொண்டே, காளான் வடிவில் இருந்த வெண்கலப் பொருள் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது படகின் காது. காது தலைக்கு வெளியே இருந்தால்தானே கேட்கும்?" என்றார்.

அந்தக் காதினைப் பற்றி அவர் சொல்லக் கேட்டவற்றையும், நூல்களில் நாம் கற்றவற்றையும் தொகுத்து, நம் மாணவமணிகளுக்கும் பெற்றோர்களுக்கும் இங்கே வழங்குகின்றோம்.

கயிறும் ஈயக்குண்டும்

மின்னணுக் கருவிகள் தோன்றுவதற்கு முன்னர்க் கடலோடிகள் ஆழத்தை அளக்கக் கயிற்றையே நம்பியிருந்தனர். கயிற்றின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி நீரில் விடுவர். குண்டு தரையைத் தொட்டதும், நனைந்த கயிற்றைக் கைகளை விரித்து அளப்பர். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் வரும் நீளத்தை நம் மீனவர் 'பாகம்' என்பர். அஃது ஏறத்தாழ 6 அடியாகும். மலாய்க்காரர் அதனையே 'டெப்பா' என்பர். சிலாங்கூர்க் கரைக்கு அப்பால், மலாக்கா நீரிணையில் கலங்கரை விளக்கம் நிற்கும் ஒரு மணல்திட்டுக்குப் 'பெர்மாத்தாங் செடெப்பா' என்று பெயர். 'ஒரு பாகத் திட்டு' என்பதே அதன் பொருள். அந்தப் பெயரே மாலுமிகளுக்கு ஓர் எச்சரிக்கையன்றோ?

ஈயக்குண்டின் அடியில் ஒரு குழியும் இருக்கும். அதில் கொழுப்பைத் தடவி இறக்கினால், தரையிலுள்ள மணலோ சேறோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். அதனைப் பார்த்து, கீழே இருப்பது எவ்வகைத் தரை என்பதை அறிந்து கொள்வர்.

ஆயினும் இம்முறை மிகவும் மெதுவானது. 1872ஆம் ஆண்டு முதல் 1876ஆம் ஆண்டு வரை உலகக் கடல்களை ஆராய்ந்த 'சேலஞ்சர்' என்னும் பிரிட்டிஷ் கப்பல், ஆழ்கடலில் 492 இடங்களில் மட்டுமே ஆழத்தை அளக்க முடிந்தது. மிக ஆழமான இடங்களில் ஒருமுறை கயிற்றை இறக்கி ஏற்றவே பல மணி நேரம் தேவைப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் முன்னே பாறை வந்தால், கயிற்றை இறக்க நேரம் ஏது?

ஒலியே அளவுகோல்

மலையடிவாரத்தில் நின்று 'ஓ' என்று குரல் கொடுத்தால், சிறிது நேரங்கழித்து அக்குரலே நம்மிடம் திரும்பி வருகின்றது. குன்று அருகில் இருந்தால் விரைவில் வரும். தொலைவில் இருந்தால் தாமதித்து வரும். எதிரொலி வரும் நேரத்தைக் கணக்கிட்டால் குன்றின் தொலைவை அறிந்து கொள்ளலாம். கடலின் ஆழத்தை அளப்பதும் இம்முறையிலேதான்.

இதற்கு முதலில் நீருக்குள் ஒலி செல்லும் வேகம் தெரிய வேண்டும். 1826ஆம் ஆண்டில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் கொலடோன், ஸ்டர்ம் என்னும் அறிஞர் இருவர் அதனை அளந்தனர். ஒரு படகில் நீருக்குள் தொங்கிய மணியை அடிக்கும் அதே நொடியில் வெடிமருந்தும் கொளுத்தப்பட்டது. தொலைவில் மற்றொரு படகில் இருந்தவர் வெளிச்சத்தைக் கண்டதற்கும், நீருக்குள் வைத்த குழாய் வழியே மணியோசையைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறித்தார். அந்த ஏரிநீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1435 மீட்டர் செல்வதாகக் கண்டனர். கடல்நீரில் இந்த வேகம் ஏறத்தாழ 1500 மீட்டர். காற்றிலோ 340 மீட்டர் அளவே!

1912ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 'டைட்டானிக்' கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய செய்தி உலகையே உலுக்கியது. நீருக்குள் மறைந்திருக்கும் ஆபத்தை முன்கூட்டியே அறிய வழியில்லையா என்று அறிஞர்கள் சிந்திக்கலாயினர். ஜெர்மானியரான அலெக்சாண்டர் பேம், 1913ஆம் ஆண்டில் எதிரொலியால் ஆழமறியும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1914ஆம் ஆண்டில் ரெஜினால்ட் ஃபெசண்டன் தமது கருவியைக் கொண்டு பனிப்பாறையிலிருந்து திரும்பிய எதிரொலியைக் கேட்டுக் காட்டினார்.

பின்னர், 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக் கடலை ஆராய்ந்த 'மீட்டியோர்' என்னும் ஜெர்மானியக் கப்பல், எதிரொலி முறையால் 67,000க்கும் மேற்பட்ட அளவுகளை எடுத்தது. கயிற்றால் 492, ஒலியால் 67,000! கருவியின் சிறப்பை விளக்க வேறு சான்றும் வேண்டுமோ?

உணரிக்குள் இருப்பது யாது?

தச்சர் கையில் இருந்த வெண்கலக் காளானுக்குள் ஒரு சிறிய சில்லு இருக்கின்றது. அது பீங்கான் வகையைச் சேர்ந்தது. மின்சாரம் பாய்ந்தால் அது மிக நுண்ணிய அளவில் விரிந்து சுருங்கித் துடிக்கும். அத்துடிப்பே நீரில் ஒலியாகப் பரவும். அதற்கு மாறாக, வெளியிலிருந்து ஒலியலை வந்து அதன்மீது மோதினால், அதே சில்லு சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்கும். அழுத்தத்தால் மின்சாரம் பிறக்கும் இந்த இயல்பைச் சில படிகங்களில் முதன்முதலாகக் கண்டறிந்து 1880ஆம் ஆண்டில் வெளியிட்டவர்கள், பிரான்சு நாட்டுச் சகோதரர்களான ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் ஆவர். முதல் உலகப்போர்க் காலத்தில் லாஞ்செவின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இவ்வியல்பைப் பயன்படுத்தி நீரடி ஒலிக்கருவியை உருவாக்கினார்.

எனவே, இந்த ஒரே சில்லு வாயாக இருந்து கூவுகின்றது. காதாக இருந்து கேட்கவும் செய்கின்றது. அது கூவும் குரல் நம் செவிக்கு எட்டாது. மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். இவ்வகை உணரிகளோ பெரும்பாலும் 50,000 அல்லது 200,000 அதிர்வுகளில் இயங்குகின்றன. 200,000 அதிர்வுள்ள ஒலி ஆழங்குறைந்த நீரில் நுட்பமாகக் காட்டும். 50,000 அதிர்வுள்ள ஒலி மிக ஆழத்திற்கும் சென்று திரும்பும்.

மாணவர்களே! இப்பொழுது ஒரு சிறு கணக்கு. ஒலி புறப்பட்டுத் திரும்பி வர ஒரு விநாடியில் நூறில் நான்கு பங்கு, அஃதாவது 0.04 விநாடி ஆயிற்று என்று கொள்வோம். 1500ஐ 0.04ஆல் பெருக்கினால் 60 மீட்டர் வரும். ஆனால் ஒலி கீழே போய் மேலே வந்தது. ஆகவே வழி இரட்டிப்பு. 60இல் பாதி 30 மீட்டரே கடலின் ஆழம். ஐந்தாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய இக்கணக்கையே அந்தக் கருவி ஒவ்வொரு விநாடியும் ஓயாது செய்துகொண்டிருக்கின்றது.

துளையிடும் முறை

கருவி எத்துணைச் சிறந்ததாயினும், அதனைப் பொருத்துபவர் கையில்தான் அதன் பயன் அடங்கியுள்ளது.

முதலாவது, இடத்தைத் தேர்ந்தெடுத்தல். ஒலிக்குப் பெரும் பகை காற்றுக்குமிழி. உணரியின் முகத்தருகே குமிழிகள் சூழ்ந்துவிட்டால், ஒலி கடலுக்குள் செல்லாமலே சிதறிப் போகும். ஆகவே, நீரைக் கலக்கும் சுழல்விசிறிக்கு முன்பாகவும், முன்புறத்தில் எந்தப் புடைப்பும் துவாரமும் இல்லாத இடத்திலும் உணரியைப் பொருத்த வேண்டும். மெதுவாக நீரைப் பிளந்து செல்லும் கனத்த படகாயின், முன்முனையிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளத்தில், 'ஏரா' என்னும் நடு அடிமரத்திற்கு அருகில் உள்ள இடம் ஏற்றது. படகு ஆடும்போதும் நீரை விட்டு வெளியே வராத இடமாக அது இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, உணரியின் உலோகத்தைத் தெரிந்தெடுத்தல். மரப்படகுக்கு வெண்கல உணரியே தக்கது. நீரில் ஊறிய மரம் உப்பும். அப்பொழுது பிளாஸ்டிக் உறை நெருக்குண்டு உடைந்துபோகக் கூடும். அலுமினியப் படகிலோ வெண்கலத்தைப் பொருத்தலாகாது. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்திருந்தால் மின்கலத்தைப்போல் செயற்பட்டு, அலுமினியத்தை அரித்துவிடும். கண்ணாடியிழைப் படகு திண்ணிய ஒரே அடுக்காக இருப்பின், துளையிடாமலே உட்புறத்தில் உணரியை ஒட்டிவிடலாம். ஒலி அதனூடே செல்லும், ஆயின் அதன் வலிமை சற்றுக் குறையும். மரப்பலகையோ ஒலியை விழுங்கிவிடும். ஆதலால்தான் அந்தத் தச்சர் துளையிட்டார். நம் மாணவன் கேட்ட கேள்விக்கு விடை இதுவே.

மூன்றாவது, துளையிடல். முதலில் படகின் உட்புறத்திலிருந்து மெல்லிய துளை ஒன்றை இடுவர். வெளியே வந்து, அது சரியான இடத்தில்தான் வந்துள்ளதா என்று பார்ப்பர். தவறாயின் அச்சிறு துளையை எளிதில் அடைத்துவிடலாம். சரியென்று உறுதியான பின்னரே பெரிய துளை. படகின் அடிப்புறம் சரிவாக இருக்குமாதலால், அச்சரிவுக்கு ஏற்பச் சீவிய கட்டையொன்றை இடையில் வைத்து, உணரியின் முகம் நேரே கீழ்நோக்கி இருக்குமாறு செய்வர். முகம் சாய்ந்திருந்தால் ஒலியும் சாய்ந்தே செல்லும்; பொய்யான ஆழத்தைக் காட்டும்.

நான்காவது, அடைத்தல். துளையின் ஓரங்களைத் தேய்த்துத் துடைத்து, கடல்நீர் புகாத பசையைத் தாராளமாகத் தடவி, உணரியைச் செருகி, உட்புறத்தில் மரையை முறுக்குவர். இங்கேதான் தச்சரின் அனுபவம் தெரிகின்றது. "மிகவும் இறுக்கலாகாது. மரம் நாளை நீர் குடித்துப் பருக்கும். அதற்குச் சிறிது இடம் விட வேண்டும்" என்றார். மின்கம்பியையும் இயந்திரத்தின் மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் தனியே கொண்டு செல்வர். சேர்ந்திருந்தால் இயந்திரத்தின் மின்னதிர்வு கருவியைக் குழப்பிவிடும்.

உணரியின் முகத்தில் கொட்டலசு போன்ற ஒட்டுயிர்கள் படியாதிருக்க மெல்லிய பூச்சும் பூசுவர். அதற்கு நீர் கலந்த பூச்சே ஏற்றது. சில கரைப்பான்கள் உணரியின் முகப்பையே கெடுத்துவிடும்.

பொய்யளவு தரும் கேடு

இவ்வளவும் செய்த பின்னரும் ஒரு கடமை எஞ்சியுள்ளது. கருவி காட்டுவது உணரியிலிருந்து தரை வரையுள்ள ஆழத்தை. படகின் அடிமரமோ உணரிக்கும் கீழே இறங்கியிருக்கும். அடிமரம் உணரியைவிட 80 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், கருவி 2 மீட்டர் என்று காட்டும்போது, உண்மையில் படகுக்குக் கீழே இருப்பது 1 மீட்டர் 20 சென்டிமீட்டரே. இந்த வேறுபாட்டை அளந்து கருவியில் பதிவு செய்ய வேண்டும். மறந்தால், படகோட்டி திரையிலுள்ள எண்ணை நம்பித் திட்டின்மேல் ஏறிவிடுவான். அளவே தெரியாதவன் அஞ்சி மெதுவாகச் செல்வான். பொய்யளவைப் பெற்றவனோ துணிந்து விரைவான். ஆதலின், அளவின்மையைக் காட்டிலும் பொய்யளவு கொடியது.

சில மீட்டர் நீர் எத்துணை மதிப்புடையது என்பதை நம் கடலே ஒருமுறை காட்டியுள்ளது. 1975ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், 'ஷோவா மாரு' என்னும் ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டியது. ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அதன் பின்னர், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளும் கூடி ஆய்ந்த விதிகளை, 1977ஆம் ஆண்டில் அனைத்துலகக் கடல்துறை அமைப்பு ஏற்றுக்கொண்டது. 1981ஆம் ஆண்டு முதல் அவை நடைமுறைக்கு வந்தன. மிக ஆழமாக அமிழ்ந்து செல்லும் கப்பல்கள் இந்நீரிணைகளில் தம் அடிப்புறத்திற்கும் கடல்தரைக்கும் இடையே எப்பொழுதும் 3.5 மீட்டர் நீராவது இருக்குமாறு செல்ல வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. 3.5 மீட்டர் என்பது இரண்டு ஆட்களின் உயரம். அத்துணைப் பெரிய கப்பலுக்கும் அந்த இரண்டு ஆள் உயர நீரே பாதுகாப்பு!

மறைவிடத்து வேலை

தோட்டத்தில் பால்மரம் சீவும் நம் பெற்றோர்களுக்கு இந்த நுட்பம் புதிதன்று. கத்தி பட்டையில் மேலாகச் சென்றால் பால் குறையும். சற்று ஆழமாகச் சென்றால் மரம் காயப்பட்டு, அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. பட்டைக்குள் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கண் காண்பதில்லை, கை அறிகின்றது. விடியற்காலை இருளில், மேற்பார்வை செய்பவர் எவரும் இல்லாத நேரத்திலும் அந்த அளவு பிசகாமல் சீவுகின்ற கையும், படகின் அடியில் மண்டியிட்டுத் துளையிட்ட அந்தத் தச்சரின் கையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்லவா?

கைத்தொழில் என்பது படிப்பு வராதவர்களுக்கு உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். ஒரு துளை இடுவதற்கு ஒலியின் வேகமும், உலோகங்களின் இயல்பும், சரிவின் கோணமும், மரத்தின் குணமும் தெரிய வேண்டியிருக்கின்றது. அறிவும் கையும் சேர்ந்தாலன்றி அவ்வேலை நிறைவேறாது. பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பழைய வானொலியைப் பிரித்துப் பார்த்தால், உடனே கடிந்து கொள்ளாதீர்கள். மீண்டும் பூட்டக் கற்றுக்கொள் என்று கூறுங்கள்.

நாம் பட்டறையை விட்டுப் புறப்படும் முன்னர் மற்றொன்றையும் கண்டோம். முதல்நாள் உணரி பொருத்தி, அன்று காலை நீரில் இறக்கிய வேறொரு படகு துறையில் மிதந்துகொண்டிருந்தது. தச்சர் அதில் ஏறி, அடித்தளப் பலகையைத் தூக்கிவிட்டு, கைவிளக்குடன் உள்ளே இறங்கினார். மரையைச் சுற்றிலும் விரல்களால் தடவிப் பார்த்தார். காலையிலிருந்து இவ்வாறு இறங்குவது இது மூன்றாம் முறை என்று அவருடைய உதவியாளர் கூறினார்.

"நன்றாகத்தானே அடைத்திருக்கிறீர்கள், பிறகு ஏன் இத்தனை முறை பார்க்கிறீர்கள்?" என்று வினவினோம்.

"இந்தப் படகில் நாளை இரவு நான்கு பேர் கடலுக்குப் போவார்கள். அவர்கள் இந்த இடத்தைப் பார்க்க மாட்டார்கள். பார்க்க வேண்டியவன் நான்தானே?" என்றார்.

பிறகு, மேலே ஏறி வந்து, கேள்வி கேட்ட நம் மாணவனிடம் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அஃது உலர்ந்திருந்தது.

மாணவச் செல்வங்களே! நீங்கள் வருங்காலத்தில் பொறியியலாளர் ஆகலாம், தச்சர் ஆகலாம், மின்பணியாளர் ஆகலாம், தோட்டத்திலேயே தொழில் புரியலாம். எத்தொழிலாயினும், பிறர் கண்ணுக்குப் படாத இடத்தில் நீங்கள் செய்யும் வேலையை நம்பி எவரோ ஒருவர் பயணம் புறப்படுவார். அவர் நலமாய்க் கரை திரும்ப வேண்டுமாயின், வேலை முடிந்ததும் ஒருமுறைக்கு மூன்றுமுறை கைவைத்துப் பாருங்கள். அப்பொழுது உங்கள் கையும் உலர்ந்திருக்கட்டும்!